பகைவர் இருவர், ஒரு காதல்: எந்தப் போரில் வைப்பது?

போர்க்காலக் காதல் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஆட்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அவன் அந்தப் பக்கத்துப் படைவீரன், அவள் இந்தப் பக்கத்துப் பெண். உடனே மனசு ஒட்டிக்கொள்கிறது. எந்தப் போர், எந்த வருடம், இவர்கள் எப்படிச் சந்தித்திருக்க முடியும் என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

நான் வைத்த இடம் நார்வே, 1942. ஒரு மீனவக் குடும்பத்தின் வீட்டில் ஜெர்மன் அதிகாரி ஒருவனைத் தங்க வைக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் முதலில் அவனுக்கு முகம் கொடுப்பதில்லை. வெளியே பனி, உள்ளே ஒற்றை விளக்கு, இரவில் அவன் வாசிக்கும் வயலின். அறுபது பக்கம் எழுதினேன். வாசிக்கக் கொடுத்த தோழி தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இவள் மாட்டேன் என்று சொன்னால் இவளுக்கு என்ன ஆகும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவன் நல்லவன், ஒன்றும் செய்யமாட்டான் என்று சொல்லலாம். ஆனால் அது அவனுடைய நல்ல குணம், அவளுடைய உரிமை அல்ல. அவன் ஒரு கையெழுத்துப் போட்டால் அவள் தம்பி கைதாவான், போடாவிட்டால் தப்பிப்பான். அப்படிப்பட்ட வீட்டில் அவள் சொல்லும் 'சரி'யை நான் எப்படிக் காதல் என்று எழுதுவது? அந்தக் கதையை அப்படியே நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகுதான் இந்த வகைக் கதைக்குக் கிடைக்கிற களங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். அரச மணம், ஆக்கிரமிக்கப்பட்ட ஊர், போர்க்கைதி முகாம், உள்நாட்டுப் போர், தோற்ற நாட்டில் வந்து நிற்கும் வென்றவர்களின் படை. எல்லாவற்றிடமும் மூன்று கேள்விகள் கேட்டேன். இருவரும் திரும்பத் திரும்பச் சந்திக்க ஒரு காரணம் உண்டா? அவர்கள் நடுவே நிற்கும் சட்டம் எது, மீறினால் தண்டனை என்ன? இருவரில் ஒருவர் மறுத்தால் மறுநாள் காலையில் என்ன நடக்கும்? முதல் இரண்டும் கதையை நடத்திக்கொண்டு போகும். என் தோழி கேட்டது மூன்றாவது. அதற்கு ஒழுங்கான பதில் இருக்கிற களத்தைத்தான் நான் தேடினேன்.

நம் இலக்கியத்தில் போரும் காதலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. பாசறையில் கணவன், வீட்டில் காத்திருக்கும் மனைவி என்று முல்லைப் பாடல்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கே காதலிக்கப்படுகிறவர் நம் பக்கத்து ஆள். எதிரியே பெண் கேட்டு வந்து நிற்பதற்குப் புறத்திணையில் தனித் துறை இருக்கிறது: மகட்பாற்காஞ்சி. வேந்தன் பெண் கேட்பான், தந்தை கொடுக்க மாட்டான், ஊர் அழியப்போகிறதே என்று புலவர் வருந்துவார். புறநானூற்றின் 336ஆம் பாடலில் பரணர் அந்தப் பதற்றத்தை அப்படியே காட்டுகிறார். கேட்ட வேந்தன் கடும் கோபத்தில் இருக்கிறான், யானைகள் காவல்மரத்தை அண்டவில்லை, வேல் பிடித்த மறவர்கள் வாய் திறக்கவில்லை. மகளின் அழகோடு பகையையும் சேர்த்து வளர்த்திருக்கிறாளே என்று கடைசியில் தாயைக் கடிந்துகொள்கிறார். எல்லோரும் வருகிறார்கள். அந்தப் பெண் மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அரச மணத்தைக் களமாக எடுத்தால் இந்தப் பேசாத பெண்தான் முதல் சிக்கல். எடுக்க ஆசையாக இருக்கும், அதில் தப்பில்லை. வீரராஜேந்திர சோழன் கூடல்சங்கமத்தில் மேலைச் சாளுக்கியரோடு மோதியவன். பிறகு அதே சாளுக்கிய அரசனின் மகன் ஆறாம் விக்கிரமாதித்தன் தன் அண்ணனோடு பகைத்துக்கொண்டு சோழன் பக்கம் வந்தபோது, வீரராஜேந்திரன் தன் மகளையே அவனுக்கு மணமுடித்துக் கொடுத்தான். 1070இல் வீரராஜேந்திரன் இறந்ததும் மைத்துனன் அதிராஜேந்திரனை அரியணையில் அமர்த்த விக்கிரமாதித்தன் படையோடு கங்கைகொண்ட சோழபுரம் வரை வந்ததாக அவனுடைய அவைக்கவி பில்ஹணர் பாடுகிறார். அதிராஜேந்திரன் ஆட்சி சில மாதங்கூட நிலைக்கவில்லை. அரியணை முதலாம் குலோத்துங்கன் கைக்குப் போனது. அவனும் விக்கிரமாதித்தனும் அதன் பிறகு காலமெல்லாம் பகைவர்களாகவே இருந்தார்கள். பிறந்த வீடு கைமாறிப் போன பிறகு, ஒரு காலத்தில் எதிரியாக இருந்தவனின் அரண்மனையில் அவள் எப்படி இருந்திருப்பாள்? இதைவிடப் பெரிய கதை வேண்டுமா என்று தோன்றும்.

ஆனால் அவளைக் கேட்டா கொடுத்தார்கள்? மறுத்திருந்தால் ஒரு உடன்படிக்கையே முறிந்திருக்கும். அதனால் அரச மணத்தை எடுக்கிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: கதையைத் திருமணத்தில் முடிக்காதீர்கள், திருமணத்தில் தொடங்குங்கள். கி.மு. 324இல் அலெக்சாந்தர் சூசா நகரில் ஒரே விழாவில் தன் தளபதிகளுக்கும் தோழர்களுக்கும் பாரசீகப் பிரபுக் குலத்துப் பெண்களை மணமுடித்து வைத்தார். அவர் இறந்ததும் பெரும்பாலோர் அந்த மனைவிகளைக் கைவிட்டார்கள். செல்யூக்கஸ் மட்டும் தன் மனைவி அபமாவை விடவில்லை. அவள் பெயரில் நகரங்களையே எழுப்பினான். அபமாவின் தந்தை ஸ்பிதாமெனிஸ், அலெக்சாந்தரின் படையை மத்திய ஆசியாவின் சோக்டியானாவில் திணறடித்த எதிரி. செல்யூக்கஸ் அவளை விட்டுவிட யாரும் தடையில்லை என்று ஆன பிறகும் விடாமல் இருந்தான் பாருங்கள், அந்த இடத்தில்தான் எழுத வேண்டியது இருக்கிறது. விழாவில் இல்லை.

அடுத்தது ஆக்கிரமிக்கப்பட்ட ஊர். எதிரிப் படைவீரன் வீட்டுக்குள்ளேயே தங்குகிறான், ஒரே கிணறு, ஒரே படிக்கட்டு. சந்திப்புக்குப் பஞ்சமே இல்லை. நான் கையைச் சுட்டுக்கொண்ட களம் இதுதான் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன்.

நார்வேயை ஜெர்மனி 1940 ஏப்ரல் 9 அன்று தாக்கியது. 1945 மே வரை பிடியை விடவில்லை. 30 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் நின்றார்கள். பத்துப் பேருக்கு ஒருவர். நார்வேப் பெண்கள் நாஜிகளின் இனக்கொள்கைப்படி 'நல்ல ரத்தம்' என்பதால் ஜெர்மன் வீரர்களோடு அவர்கள் பழகுவதை ஆக்கிரமிப்பாளர்களே ஊக்குவித்தார்கள், பிரசவ விடுதிகள்கூடத் திறந்தார்கள். 10,000 முதல் 12,000 வரை குழந்தைகள் பிறந்தன. போர் முடிந்ததும் ஊர் திரும்பித் தாக்கியது. அந்தப் பெண்களுக்குக் கேவலமான பட்டப்பெயர் வைத்தார்கள், பலரைப் பிடித்து ஆஸ்லோ கடற்கழியில் உள்ள ஹோவெடோயா தீவு முகாமில் அடைத்தார்கள். ஜெர்மானியரை மணந்தவர்களின் குடியுரிமையை 1945 ஆகஸ்டில் ஒரு சட்டம் பறித்தது, அவர்களில் பலரை அதுவரை அவர்கள் பார்த்தே இராத ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். நார்வே அரசு அந்தப் பெண்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2018இல். எழுபது ஆண்டுகளுக்கும் மேல்.

பிரான்சிலும் இதே கதைதான். விடுதலையின்போது ஜெர்மானியரோடு பழகியதாகச் சொல்லி சுமார் 20,000 பெண்களின் தலையை மழித்தார்கள். 1944 ஆகஸ்டில் ஷார்த்ர் நகரில் ராபர்ட் காப்பா எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். மொட்டையடிக்கப்பட்ட ஓர் இளம்பெண் கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி நடக்கிறாள், சுற்றிலும் கூட்டம் அவளோடு நடக்கிறது. நான் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைச் சுற்றியிருக்கிற முகங்கள்தான் என்னைப் பாதித்தன. சிரிக்கிறார்கள். பெண்களும் சிரிக்கிறார்கள். அவளோ குழந்தையை மட்டும்தான் பார்க்கிறாள்.

இந்தக் களத்தில் எழுதவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்களில் உண்மையாகவே நேசித்தவர்கள் இருந்தார்கள், சாப்பாட்டுக்காகப் பழகியவர்கள் இருந்தார்கள், வேறு வழியில்லாமல் போனவர்களும் இருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே வேறு வேறு. உங்கள் கதாநாயகி இதில் எது என்பதை அவளே முழுசாக அறிந்திருக்க மாட்டாள் என்று எழுதத் துணிவிருந்தால் எழுதுங்கள். வயலினும் பனியும் போதும் என்று நினைத்தால் வேண்டாம். இன்னொன்று, இந்தக் களத்துக்கு மகிழ்ச்சியான முடிவு ஒட்டவைத்தது போலத்தான் இருக்கும். 1945க்கு அப்பால் அவளுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர் நிச்சயம் கேட்பார்.

அதிகாரம் தலைகீழாகிற களம் ஒன்று இருக்கிறது: போர்க்கைதி முகாம். எதிரி ஆயுதம் இல்லாமல், காவலுக்குக் கீழே, உங்கள் நிலத்தில் நிற்கிறான். பெண் சுதந்திரமாக இருக்கிறாள். அவள் மறுத்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. சரி, அவன் மறுத்தால்? அவனுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அவளும் அதிகாரி இல்லை. இருவருக்கும் மேலே இருக்கிற சட்டத்தைக் கண்டுதான் இருவரும் பயப்பட வேண்டும். நான் பார்த்த களங்களில் இந்தச் சமநிலை வேறெங்கும் இவ்வளவு சுத்தமாகக் கிடைக்கவில்லை.

ஆனால் எந்த நாட்டு முகாம் என்பதில் எல்லாமே இருக்கிறது. ஜெர்மனிக்குள் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட போலந்துக்காரர்கள் 1940 மார்ச் ஆணைகளின்படி மஞ்சள் துணியில் ஊதா நிற 'பி' எழுத்தைச் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஜெர்மன் பெண்ணோடு உறவு என்று தெரிந்தால் போலந்துக்காரனைத் தூக்கில் போட்டார்கள், பெண்ணை ஊரார் முன்னால் அவமானப்படுத்தி வதைமுகாமுக்கோ சிறைக்கோ அனுப்பினார்கள். அதே பண்ணையில் பிரெஞ்சுக் கைதியோடு பழகிய பெண்ணுக்குச் சிறை, கைதிக்கு ராணுவ நீதிமன்றம். ஒரே வைக்கோல்போர், ஒரே மாலை நேரம், அவன் எந்த ஊர்க்காரன் என்பதை வைத்து உயிர் போகும் அல்லது இருக்கும். இங்கே எழுதினால் ஒவ்வொரு பார்வையும் உயிர்ப் பிரச்சினை. கதைக்கு வேகம் தானாக வரும். ஆனால் அவன் அடிமை போன்றவன் என்பதால், அவள் அழைத்தால் மறுக்க அவனால் முடியுமா என்ற அதே கேள்வி ஆண் பக்கம் திரும்பிவிடுகிறது. அதை மறக்கக் கூடாது.

பிரிட்டன் வேறு. 1946 இலையுதிர்காலத்தில் அங்கே சுமார் நான்கு லட்சம் ஜெர்மன் கைதிகள் இருந்தார்கள். போர் முடிந்து ஓராண்டுக்கு மேலாகியும் வயல்களில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சாயமேற்றிய ராணுவ உடை, முதுகிலும் காலிலும் வேறு நிறத்தில் தைத்த பெரிய ஒட்டு, தப்பி ஓடினால் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதற்காக. காலையில் லாரி வந்து பண்ணையில் இறக்கிவிடும், மாலையில் ஏற்றிக்கொண்டு போகும். அதே பண்ணைகளில், விவசாய வேலைக்காகத் திரட்டப்பட்ட மகளிர் நிலப்படையைச் சேர்ந்த பெண்களும் வேலை செய்தார்கள். சந்திக்கக் காரணத்தை நீங்கள் கண்டுபிடிக்கவே வேண்டாம், லாரியே கொண்டுவந்து விட்டுவிடுகிறது.

சட்டமும் கதைக்கென்றே செய்தது போல மாறிக்கொண்டே போகிறது. முதலில் பேசவே தடை. 1946 டிசம்பரில் அது தளர்ந்து, அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கைதிகள் பிரிட்டிஷ் வீடுகளுக்கு விருந்தாளிகளாகப் போகலாம் என்றார்கள். கழிவு மரத்தில் செதுக்கிய பொம்மைகளையும், சாக்கு நூலில் பின்னிய செருப்புகளையும் பரிசாகக் கொண்டுபோனார்கள். ஆனால் காதலுக்குத் தடை நீடித்தது. 1947இல் ஒரு பிரிட்டிஷ் பெண்ணோடு உறவு வைத்ததற்காக ஒரு கைதிக்கு ராணுவ நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது, அவர்களுக்குக் குழந்தையும் பிறந்திருந்தது. அது பெரிய விவாதமாகி, அந்த ஜூலையில் கைதிகள் பிரிட்டிஷ் பெண்களை மணக்க அனுமதி வந்தது. 796 திருமணங்கள் நடந்ததாகக் கணக்கு. நான்கு லட்சம் பேரில் 796. இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொன்றும் எத்தனை பேரின் வாயை எதிர்கொண்டிருக்கும்.

அப்புறம், அவளுக்கு ஒரு விலை இருந்தது. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி வெளிநாட்டவனை மணந்து அவன் நாட்டுக் குடியுரிமை வந்துவிட்டால் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். புதிய குடியுரிமைச் சட்டம் 1949 ஜனவரியில் நடைமுறைக்கு வரும் வரை அதுதான் நிலை. குண்டு விழுந்து வீடிழந்த ஊரில் பிறந்தவள், தன் சொந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜெர்மன்காரியாக வெளியே வருகிறாள். யாரும் அவளை மிரட்டவில்லை. முழுசாகத் தெரிந்தே போடுகிறாள். நான் தேடிய 'சரி' இதுதான்.

இத்தாலியக் கைதிகளை எடுத்தால் இன்னொரு வசதி. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது, அடுத்த மாதமே ஜெர்மனி மேல் போர் அறிவித்தது. நேற்றைய எதிரி இன்று யார் என்று முகாம் அதிகாரிக்கே தெரியாத நிலை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னியில் லேம்ப் ஹோம் என்ற சின்னத் தீவில் இத்தாலியக் கைதிகள் கடலில் தடுப்புச் சுவர் கட்டினார்கள். 1939 அக்டோபரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி அங்கே நுழைந்து ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்து 800க்கும் மேற்பட்டோரைக் கொன்றதுதான் காரணம். அந்தக் கைதிகள் இரண்டு தகரக் கொட்டகைகளை முட்டி வைத்து ஒரு தேவாலயம் செய்தார்கள். உள்ளே சிமெண்டும் ஓவியமும், விளக்குகள் டப்பா இறைச்சித் தகரத்தில் வெட்டியவை. பீடத்துக்கு முன்னால் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த திரை. அந்தத் திரையின் கதவு வந்து முட்டுகிற இடத்தில் தரையில் ஒரு சின்ன இரும்பு இதயம் பதித்திருக்கிறது. கொல்லன் வேலை தெரிந்த கைதி ஒருவர், தான் நேசித்த உள்ளூர்ப் பெண்ணை விட்டுப் போகும்போது அதை விட்டுப் போனார் என்று சொல்வார்கள். மணமாகாத, சேராத கதைதான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஒரு தடயமே போதும்.

முகாம் களத்தில் நான் தொடத் தயங்குகிற, ஆனால் யாராவது எழுதினால் முதல் ஆளாக வாசிக்கப்போகிற ஒரு கிளை உண்டு. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெர்மன் கைதிகளைப் பார்த்துக்கொள்ளக் கறுப்பின ராணுவச் செவிலியர்களை அனுப்பினார்கள், வெள்ளை வீரர்களைத் தொட அவர்களுக்கு அனுமதி கொடுக்க மனமில்லாமல். தென் மாநிலங்களில் ஜெர்மன் கைதிகள் உட்கார்ந்து சாப்பிட்ட உணவகங்களில் கறுப்பின அமெரிக்க வீரர்களுக்கு இடமில்லை. அரிசோனாவின் ஃபுளோரன்ஸ் முகாமில் அப்படி ஒரு செவிலியும் ஒரு கைதியும் காதலித்து, போருக்குப் பிறகு மணந்துகொண்டார்கள். யார் சிறைப்பட்டவர், யார் சுதந்திரமானவர் என்ற கேள்வியே அங்கே நிலைகுலைகிறது. இதைச் சரியாக எழுத அந்த வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர் வேண்டும், நான் இல்லை.

உள்நாட்டுப் போருக்கு வருவோம். இங்கே மொழி ஒன்று, சாமி ஒன்று, சில சமயம் தாத்தா பாட்டியும் ஒன்று. 'எதிரி மொழியில் எப்படிப் பேசிக்கொண்டார்கள்' என்ற தலைவலி எழுதுகிறவருக்கு இல்லை. காதல் போருக்கு முன்னாலேயே தொடங்கியிருக்கலாம் என்பது பெரிய பலம். அவர்கள் எதிரிகளாக ஆனவர்கள், எதிரிகளாகப் பிறந்தவர்கள் இல்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பலரும் தேடிப் போவார்கள். 1861 முதல் 1865 வரை, கென்டக்கி போன்ற எல்லை மாநிலங்களில் குடும்பங்களே இரண்டாகப் பிரிந்தன. குடியரசுத் தலைவர் லிங்கனின் மனைவி மேரியின் தந்தைக்கு இரண்டாம் மனைவி வழிப் பிறந்த சகோதரர்கள் தென்தரப்புக்காகப் போரிட்டார்கள். அவர் தங்கை எமிலியின் கணவர் ஹெல்ம் தென்தரப்புத் தளபதியாக 1863இல் சிக்கமாகாவில் இறந்தார். விதவையான எமிலி அந்த ஆண்டின் கடைசியில் வெள்ளை மாளிகைக்கே வந்து தங்கினார். இரண்டு பக்கத்துக்கும் கடிதம் போக வெள்ளைக்கொடித் தபால் இருந்தது, ஒரே ஒரு பக்கம்தான் எழுதலாம், தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படிப்பார்கள். ஒரு பக்கத்தில், அந்நியர் கண்ணுக்குத் தெரியாமல் காதலைச் சொல்ல வேண்டும். எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனாலும் நான் இதை எடுக்க மாட்டேன். 1860இல் அங்கே ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகள். தென்தரப்புப் பெண்ணும் வடதரப்பு வீரனும் வராந்தாவில் கை கோத்திருக்கும்போது தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாளே ஒருத்தி, அவளை எழுதாமல் விட்டால் கதை பொய். எழுதினால், அவளுக்கு முன்னால் அந்த இருவரின் பிரச்சினை சின்னதாகிவிடுகிறது. அவளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும்.

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் அந்த விதத்தில் எனக்கு அதிகம் பிடித்தது. 1642இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூண்டது, 1649 ஜனவரியில் மன்னர் முதலாம் சார்லசின் தலையே போனது. 1643இல் பிராம்ப்டன் பிரையன் கோட்டையை மன்னர் தரப்பினர் ஏழு வாரம் முற்றுகையிட்டபோது, கணவர் லண்டனில் இருக்க, பிரில்லியானா ஹார்லி என்ற பெண்மணி தாக்குப்பிடித்தார். முற்றுகையிட்டவர்களில் பலர் அக்கம்பக்கத்துப் பிரபுக்கள், தெரிந்த முகங்கள். மகனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. மன்னர் தரப்பினரின் நிலங்களை நாடாளுமன்றம் பறிமுதல் செய்தது, ஆனால் மனைவி மனு கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு அவளுக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். அதனால் பெண்கள், பறிமுதலைக் கவனித்த குழுவின் அதிகாரிகள் முன்னால் வரிசையில் நின்றார்கள், வாதாடினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நாடாளுமன்றத் தரப்பு எழுத்தர், இந்தப் பக்கம் மன்னர் தரப்பு விதவை. அவளுக்கு வாயும் உண்டு, சட்டமும் ஓரளவு துணை நிற்கும். 1653இல் பாதிரியார் இல்லாமல் நீதிபதி முன்னால் திருமணம் என்ற சட்டமும் வந்தது. கல்யாணக் காட்சியிலேயே அரசியல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் எழுத்தர் கையில் அவள் பங்கு இருக்கும்வரை அவனும் அதிகாரிதான். மனு முடிந்த மறுநாள் அவர்களைப் பேச வையுங்கள், முந்தின நாள் வேண்டாம்.

வென்றவர்களின் படை தோற்ற நாட்டில் நிற்கும் களத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1945இல் ஜெர்மனிக்குள் வந்த அமெரிக்க வீரர்கள் அங்குள்ள பெண்களோடு பழகினால் 65 டாலர் அபராதம் என்றார்கள். அக்டோபருக்குள் அந்தத் தடை கரைந்துபோனது. மணக்க அனுமதி வர 1946 டிசம்பர் ஆயிற்று. ஆனால் ஒரு பெட்டி சிகரெட்டுக்குக் குடும்பத்துக்கே சாப்பாடு கிடைத்த காலம் அது. ஆக்கிரமிப்புக் களத்தின் அதே சிக்கல், கொடி மட்டும் வேறு. எழுதுகிறவருக்கு 'நல்ல பக்கத்து' வீரன் என்பதால் கவனம் தவறுவது இங்கே இன்னும் எளிது.

சாட்சிகள் உயிரோடு இருக்கிற போர்களை நான் தொடுவதில்லை. 1993 மே மாதம் முற்றுகையிலிருந்த போஸ்னியத் தலைநகர் சரயேவோவில், இரண்டு இனங்களைச் சேர்ந்த ஒரு ஜோடி வர்பன்யா பாலத்தைக் கடக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எந்தப் பக்கமும் போய் எடுக்க முடியாமல் உடல்கள் நாள்கணக்கில் அங்கேயே கிடந்தன. அந்தக் குடும்பங்களின் துக்கத்தின் மேல் என் கற்பனையை வைக்க எனக்கு மனம் வராது. காலம் கொஞ்சம் தள்ளியிருக்க வேண்டும்.

ஆக, எதை எடுப்பது? பிரிவும் அழிவும்தான் எழுத வேண்டும் என்றால் ஆக்கிரமிப்புக் களம், ஆனால் 1945க்குப் பிந்தைய பாதியையும் எழுதத் தயாராக இருங்கள். பேச்சு, வாதம், கடிதம் என்று நீளமாகப் போகிற கதை கைவரும் என்றால் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர். பெரிய அரண்மனைக் கதை என்றால் சோழன் மகள், அவளைப் பேச வைப்பீர்கள் என்ற உறுதியோடு. இருவரும் சேர்ந்து வாழும் முடிவு வேண்டும், அது வாசகருக்கு ஏமாற்றாகத் தெரியக் கூடாது என்றால் 1946–47 பிரிட்டிஷ் முகாம். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

இப்போது முதல் அத்தியாயத்தில் இருக்கிறேன். 1947இன் தொடக்கம், பிரிட்டன் பல ஆண்டுகளில் காணாத பனி. பாதைகளைத் திறக்கக் கைதிகளைக் கொண்டுவருகிறார்கள். பண்ணைப் பெண்ணுக்கு அண்ணன் போரில் செத்திருக்கிறான். கைதி ஒருவன் மரத்தில் செதுக்கிய சின்னக் கோழி ஒன்றை அவளிடம் நீட்டுகிறான், நூலை ஆட்டினால் அது தானியம் கொத்தும். அவள் வாங்கவில்லை. "வேண்டாம்" என்று ஒரே வார்த்தை, அதுவும் அவன் முகத்தைப் பார்க்காமல். மறுநாள் விடியற்காலை மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருக்கும்போது லாரிச் சத்தம் கேட்கிறது. பன்னிரண்டு பேர் இறங்குகிறார்கள், அவனும் இறங்குகிறான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாதையின் அந்தக் கோடிக்குப் போய்ப் பனியை வெட்டத் தொடங்குகிறான். அவள் கறந்து முடித்து, வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.